9 மி.மீ. பேரலில் ஈயம் ஒட்டுகிறது: குண்டின் கடினம் காரணமா, அளவு காரணமா?

துவாஸ்_லேத்

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி எனக்காக இல்லை, பெர்த்தில் இருக்கும் என் மச்சானுக்காக. அவர் அங்கே ஒரு கிளப்பில் உறுப்பினர், உரிமத்தோடு 9 மி.மீ. பிஸ்டல் வைத்திருக்கிறார். டயர் பேலன்சிங்குக்குப் போடும் ஈயக் கட்டிகளை உருக்கி, தானே குண்டு வார்த்து, தானே தோட்டா கட்டிச் சுடுகிறார்.

இரண்டு மூன்று மேகசின் சுடுவதற்குள் பேரலுக்குள் ஈயம் ஒட்டிக்கொள்கிறது. சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) முடிந்து புரி (குண்டைச் சுழற்றும் திருகுப் பள்ளம்) தொடங்கும் இடத்திலேயே சாம்பல் நிறக் கோடுகள். அதற்கப்புறம் குறி சிதறுகிறது. சில குண்டுகள் அட்டையில் வட்ட ஓட்டை போடாமல், பக்கவாட்டில் சாய்ந்து போய் நீள ஓட்டை போடுகின்றன. கிளப்பில் கேட்டால் எல்லாரும் சொல்வது, "ஈயம் மெத்தென்று இருக்கிறது, கடினமாக்கு" என்பதுதான். அவரும் லினோடைப் உலோகம் (அச்செழுத்து வார்க்கும் கடினமான ஈயக் கலவை) வாங்கிக் கலந்தார், அச்சிலிருந்து விழும் குண்டைச் சுடச்சுடத் தண்ணீரில் போட்டார். கோடுகள் குறையவில்லை, கூடியிருக்கின்றன.

நான் துவாஸில் ஒரு பட்டறையில் கடைசலும் அளவெடுப்பும் பார்க்கிறேன். அளவு என்றால் எனக்குப் புரியும், துப்பாக்கி அவ்வளவாகத் தெரியாது. அவரிடம் எதை அளக்கச் சொல்வது?

நெறியாளர்

இழையைத் தொடரலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் ஆயுதக் குற்றச் சட்டப்படி 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. வீட்டில் தோட்டா கட்டும் பொழுதுபோக்குக்கு இங்கே இடமே இல்லை. இங்கே பேசுவதெல்லாம் அது சட்டப்படி நடக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கு. வெடிமருந்தின் எடை, அதாவது எத்தனை கிரெயின் என்ற எண், இந்த இழையில் வேண்டாம். அதை வெளியிடப்பட்ட கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

ஈயக்கரண்டி

தம்பி, சரியான ஆள்தான் கேட்டிருக்கிறீர்கள். இது அளவெடுப்பவரின் வேலை. நான் தோ பாயோவில் வளர்ந்தவன். இப்போது அரிசோனாவில் இருக்கிறேன், பல வருஷமாகக் குண்டு வார்க்கிறேன்.

ஈயம் எங்கே ஒட்டுகிறது என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும். புரி தொடங்கும் இடத்திலேயே ஒட்டினால் பெரும்பாலும் குண்டு பேரலுக்குச் சிறியது. வாய்ப்பக்கம், கடைசி அங்குலத்தில் ஒட்டினால் குண்டில் பூசிய மசகு பாதி வழியில் தீர்ந்துவிடுகிறது. முழு நீளத்துக்கும் திட்டுத்திட்டாக இருந்தால் பேரலின் உட்பரப்பு சொரசொரப்பாக இருக்கலாம். மச்சானுக்கு இருப்பது முதல் வகை.

உள்ளே நடப்பது இதுதான். மருந்து எரிந்து வரும் வாயு குண்டின் அடியைத் தள்ளுகிறது. குண்டு புரியின் பள்ளம்வரை நிறைந்து உட்கார்ந்தால் வாயுவுக்கு முன்னே போக வழி கிடையாது. ஒரு முடியளவு இடைவெளி இருந்தாலும், வாஷர் தேய்ந்த குழாயில் தண்ணீர் பீய்ச்சுவதுபோல் அந்த வழியாக வாயு சீறும். போகிற வழியில் குண்டின் விளிம்பை அறுத்துத் தூளாக்கி, முன்னே இருக்கும் எஃகின் மேல் அப்பிவிடும். அடுத்த குண்டு அதன் மேல் ஏறி அதை இன்னும் அழுத்தும். கோடு தடிக்கத் தடிக்கக் குண்டைப் புரி பிடிக்காது, சரியாகச் சுழலாது. அட்டையில் நீள ஓட்டை விழுவது அதனால்தான்.

9 மி.மீ. பேரலின் பள்ளத்துக்குப் பள்ளம் உள்ள விட்டம் பெயரளவில் 0.355 அங்குலம். செம்புறை போட்ட குண்டுக்கு அதே அளவு போதும். வார்த்த ஈயக் குண்டு பள்ளத்தைவிட ஒன்று அல்லது இரண்டு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாக இருக்க வேண்டும். 0.356 தொடக்கம், பல பேரல்களுக்கு 0.357, சிலதுக்கு 0.358 கூடக் கேட்கும். ஆகவே முதல் வேலை, அவருடைய பேரலின் உண்மையான அளவைக் கண்டுபிடிப்பது. பேரலைக் கழற்றி, சுத்தம் செய்து, லேசாக எண்ணெய் பூசி, சுத்தமான மெத்து ஈயத் துண்டு ஒன்றைப் பித்தளைக் கம்பியால் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தட்டி வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் துண்டில் பள்ளத்தின் பதிவு மேடாக நிற்கும். அதைத்தான் அளக்க வேண்டும்.

துவாஸ்_லேத்

நன்றி அண்ணே. அவரிடம் இருப்பது டிஜிட்டல் காலிப்பர் மட்டும். அதை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாதாரணக் காலிப்பரின் பிழையே 0.02 மி.மீ., அது கிட்டத்தட்ட முக்கால் தௌ. நாம் தேடும் வித்தியாசமே ஒரு தௌதான். மைக்ரோமீட்டர் வாங்கி, அளவு துல்லியமாகத் தெரிந்த கேஜ் பின் (உருளைக் கம்பி) ஒன்றை வைத்துச் சரிபார்த்துவிட்டு அளக்கச் சொல்லியிருக்கிறேன். பேரலில் ஆறு பள்ளம், எதிரெதிரே இருப்பதால் நேராகப் பிடித்து அளக்கலாம். ஐந்து பள்ளம் இருந்தால் மேட்டுக்கு எதிரே பள்ளம் வந்துவிடும், வி வடிவத் தாடை உள்ள மைக்ரோமீட்டர் தேவைப்படும்.

மெல்பர்ன்_மணி

நான் இதை முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். என்னிடம் இருப்பது .357 மேக்னம் ரிவால்வர். மெத்து ஈயத்தில் சுட்டபோது ஈயம் உரித்து எடுக்கும் அளவுக்கு ஒட்டியது. கடினக் கலவைக்கு மாறி, அடியில் செம்பு கேஸ் செக் போட்டேன், பேரல் பளிச்சென்று இருக்கிறது. கடினமான ஈயத்தை வாயு அறுப்பது கஷ்டம், அது இயற்பியல். கிளப்பில் சொன்னவர்கள் ஒன்றும் தெரியாமல் சொல்லவில்லை.

சுவாசூகாங்_22

நான் இங்கே, பழைய சுவா சூ காங் சாலை தேசியத் துப்பாக்கிச் சுடும் மையத்தில் .22 பிஸ்டல் சுடுகிறேன். இதிலும் சேம்பருக்கு முன்னால் மெல்லிய ஈய வளையம் வருகிறது. நாங்கள் கடையில் வாங்கும் தோட்டாதான் சுடுகிறோம், கலவையை மாற்றவோ அளவை மாற்றவோ வழியில்லை. எங்களுக்கு ஏதாவது உண்டா?

ஈயக்கரண்டி

மணி, உங்கள் ரிவால்வரில் நடந்ததை நம்புகிறேன். ஆனால் கேஸ் செக் செய்த வேலையைக் கடினத்தின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். அந்தச் செம்புக் கிண்ணம் குண்டின் அடி விளிம்பைக் காக்கிறது, வாயு அறுப்பதே அங்கேதான். அதோடு, உங்கள் சிலிண்டர் வாய்கள் நல்ல அளவில் இருந்திருக்கும். 0.358 குண்டைச் சிலிண்டர் வாய் 0.356 ஆக நசுக்கி அனுப்பும் ரிவால்வரில் எந்தக் கலவை போட்டாலும் ஒட்டும்.

கடினத்துக்கு ஒரு கணக்கு உண்டு. உலோகத்தின் கடினத்தைக் காட்டும் பிரினெல் எண்ணை 1,422 ஆல் பெருக்கினால், ஏறத்தாழ எந்த அழுத்தத்தில் அந்தக் கலவை பிதுங்கி விரியத் தொடங்கும் என்று சதுர அங்குலத்துக்கு பவுண்டில் கிடைக்கும். சுத்த ஈயம் 5. டயர் கட்டி சுமார் 12. தொண்ணூறு பங்கு ஈயம், ஐந்து பங்கு வெள்ளீயம், ஐந்து பங்கு ஆன்டிமனி சேர்ந்த லைமன் 2-ஆம் எண் கலவை 15. லினோடைப் 22. இப்போது அழுத்தத்தைப் பாருங்கள். 9 மி.மீ.க்கு உச்ச வரம்பு 35,000, .45 ஏசிபிக்கு 21,000, .38 ஸ்பெஷலுக்கு 17,000. இவை உச்சம், கிளப்பில் அட்டைக்குச் சுடும் மென்மையான தோட்டா இதற்கு எவ்வளவோ கீழே நிற்கும்.

.38-இல் 10,000 அழுத்தம் தரும் தோட்டா என்று வையுங்கள். அந்த அழுத்தத்துக்கு விரிந்து கொடுக்க 7 போதும். அதில் 18 உள்ள கடைக் குண்டைப் போட்டால் அது விரியவே விரியாது. குண்டு ஒரு தௌ சிறியதாக இருந்தால் சிறியதாகவே பேரல் முழுக்கப் போகும், வாயு கடைசிவரை அறுத்துக்கொண்டே வரும். கடினம் என்று அச்சடித்து விற்கும் குண்டுகள் மென்மையான தோட்டாவில் ஈயம் ஒட்டுவதற்கு இதுவே பெரிய காரணம். மச்சான் லினோடைப் கலந்து தண்ணீரிலும் போட்டதும் இதே பக்கம்தான். முன்பு மெத்தென்று இருந்த குண்டு கொஞ்சமாவது விரிந்து பாதி ஓட்டையை அடைத்தது. இப்போது அதுவும் இல்லை. அளவு சரியாக இருந்தால் 12-க்கும் 22-க்கும் அவ்வளவு வித்தியாசமே தெரியாது என்பது என் உறுதியான கருத்து.

சுவா சூ காங் தம்பிக்கு: .22-இன் கதை வேறு. அதன் குண்டு மிக மெத்து, வெளியே மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். அந்த மசகு பேரலில் படிந்து ஒரு சமநிலைக்கு வந்தபிறகுதான் குறி நிலைக்கும். ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் சில சுற்றுகள் அலைவது அதனால்தான். அடிக்கடி பிராண்டை மாற்றாதீர்கள், ஒவ்வொரு பயிற்சிக்கும் பேரலைச் சுரண்டி எடுக்காதீர்கள். வளையம் தடிப்பாகத் தெரிந்தால் உங்கள் கிளப் ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்) காட்டுங்கள். வெண்கலப் பிரஷ் சில முறை போய்வந்தால் போய்விடும்.

துவாஸ்_லேத்

அளவு வந்துவிட்டது. பேரல் 0.3555. அவர் வைத்திருக்கும் சைசிங் டை (குண்டைத் தள்ளி ஒரே அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) குண்டை 0.356 ஆக விடுகிறது, அதையும் அளந்து பார்த்தார், சரியாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் பெரிதாகத்தானே இருக்கிறது? அரை தௌ மட்டும் என்பது பிரச்சினையா?

ஈயக்கரண்டி

அரை தௌ போதாது, 0.357 டை வாங்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றை அளக்க வேண்டும், 9 மி.மீ.யில் முக்கால்வாசிப் பேர் கவனிக்காதது இதுதான். தோட்டாவின் பித்தளை உறைக்குள் போவதற்கு முன் குண்டு என்ன அளவு என்பது முக்கியமே இல்லை. உறையை விட்டு வெளியே வரும்போது என்ன அளவு என்பதுதான் முக்கியம்.

மருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத டம்மி ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். வழக்கமான எல்லா டையிலும், கிரிம்ப் (உறையின் வாயைக் குண்டின் மேல் இறுக்குவது) உட்பட, போய் வர வேண்டும். அப்புறம் சுத்தியல் மாதிரிப் புல்லரால் குண்டைப் பிடுங்கி அடிப்பக்கத்தை அளக்கட்டும்.

துவாஸ்_லேத்

அண்ணே, அளந்தாகிவிட்டது. மேலே 0.3555, அடியில் 0.3535. உறை குண்டை இரண்டரை தௌ நசுக்கியிருக்கிறது! எங்கள் பட்டறையில் இவ்வளவு வித்தியாசம் வந்தால் அந்தப் பாகத்தைத் தூக்கிப் போட்டுவிடுவோம். எது நசுக்குகிறது?

ஈயக்கரண்டி

மூன்று இடத்தில் தேட வேண்டும்.

9 மி.மீ. உறை கூம்பு வடிவம், உள்ளே போகப் போகச் சுவர் தடிக்கும். உறைக்கென்று உள்ள வேறொரு சைசிங் டை அதை இறுக்கியபிறகு, வாயை விரிக்கும் எக்ஸ்பாண்டர் பிளக் ஒன்று வரும். கடையில் வரும் பிளக் செம்புறைக் குண்டுக்காகச் செய்தது, விட்டமும் குறைவு, நீளமும் குறைவு. ஈயக் குண்டை உள்ளே தள்ளும்போது பித்தளைதான் ஜெயிக்கும், ஈயம் நசுங்கும். குண்டுக்கேற்ற விட்டத்தில், அதன் அடி உட்காரும் ஆழம்வரை போகும் நீளப் பிளக் வேண்டும். லைமன் எம் டை போன்ற இரண்டு படி உள்ள பிளக் நல்லது. குண்டு நேராக உட்காரும், அடி விளிம்பை உறையின் வாய் வழிக்காது.

அடுத்தது கிரிம்ப். சில கிரிம்ப் டைகளில் கீழே ஒரு கார்பைட் வளையம் இருக்கும், கட்டி முடித்த தோட்டாவையே மறுபடி இறுக்கும். செம்புறைக் குண்டுக்குப் பரவாயில்லை. ஈயக் குண்டைப் பொறுத்தவரை, பெரிதாக வார்த்து, பெரிதாக உட்கார்த்தி, கடைசியில் அதைச் சிறிதாக்கிவிடும். மச்சானிடம் அது இருந்தால் எடுத்துவிட்டு, சாதாரண டேப்பர் கிரிம்பில் விரிந்த வாயை நேராக்கினால் மட்டும் போதும்.

மூன்றாவது குண்டின் எடை. 147 கிரெயின் குண்டு நீளமானது, அதன் அடி உறையின் தடித்த பகுதிக்குள் போய் உட்காரும். வாயுவை அடைக்க வேண்டிய அந்த அடிதான் அங்கே நசுங்கும். 125 கிரெயினில் இந்தத் தொல்லை குறைவு.

ஒரு எச்சரிக்கை. குண்டு பெரிதானால் தோட்டாவும் தடிக்கும். பேரலைக் கழற்றித் தோட்டாவைச் சேம்பரில் போட்டுப் பாருங்கள். தானாக விழ வேண்டும், விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். வரவில்லை என்று குண்டை இன்னும் ஆழமாகத் தள்ளினால் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஏறும். குண்டு, கலவை, ஆழம் என்று எதை மாற்றினாலும் கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

மெல்பர்ன்_மணி

சரி, 0.3535 என்ற எண்ணைப் பார்த்தபிறகு இந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் மேக்னம் வேகத்துக்குக் கலவை முக்கியம் என்பதை விட மாட்டேன்.

ஈயக்கரண்டி

அதில் சண்டையே இல்லை மணி. வேகமும் அழுத்தமும் ஏறும்போது கலவையும் ஏற வேண்டும்தான். முதலில் அளவு, பிறகு மசகு, பிறகு கலவை. இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பதால்தான் காசும் லினோடைப்பும் வீணாகின்றன.

கெப்பல்_காற்று

துப்பாக்கிக்கு வெளியே ஒரு குறிப்பு. குண்டுக் கலவையில் வெள்ளீயம் என்ன செய்கிறது என்று யாரும் பேசவில்லை. நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்த்தாலே உருகிய ஈயம் அச்சின் மூலைவரை நிறையும், குண்டின் அடி விளிம்பு கூர்மையாக வரும். விளிம்பு உருண்டு வந்த குண்டை எந்த டையில் இழுத்தாலும் வாயுவை அடைக்காது, ஆக இதுவும் அளவு விஷயம்தான். நம் பிரானித் தீவில்தான் ஒரு காலத்தில் மலாயா வெள்ளீயத்தை உருக்கினார்கள். ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் 1887-இல் தொடங்கி, 1890-இல் அங்கே உலை வைத்தது. கொள்கலன் முனையமாக இருக்கும் இடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த உலைதான் நினைவுக்கு வரும்.

டயர் கட்டிகளில் துத்தநாகமும் இரும்பும் கலந்து வருவதையும் மச்சான் பார்க்கட்டும். ஈயம் 327 பாகையில் உருகும், துத்தநாகத்துக்கு 419 பாகை வேண்டும். உலையை அடக்கி வைத்தால் துத்தநாகக் கட்டி மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். கரைந்துவிட்டால் குண்டு சரியாக நிறையாது.

துவாஸ்_லேத்

நல்ல தகவல். இன்னொரு கேள்வி: இப்போது பேரலில் இருக்கும் ஈயத்தை எப்படி எடுப்பது? கிளப்பில் ஒருவர் செம்புறைத் தோட்டா சில சுட்டால் வழித்துக்கொண்டு போய்விடும் என்கிறார். இன்னொருவர் வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சரிபாதி கலந்து ஊற்றச் சொல்கிறார்.

ஈயக்கரண்டி

இரண்டும் வேண்டாம். ஈயம் அடைத்த பேரலில் செம்புறைக் குண்டு போனால் ஈயத்தை எடுப்பதற்குப் பதில் அழுத்தித் தேய்த்துவிடலாம், அடைப்பு தடிப்பாக இருந்தால் அழுத்தமும் ஏறும். வினிகர் கலவை வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதில் உண்டாவது ஈய அசிட்டேட், தண்ணீரில் கரையும் நஞ்சு. எஃகின் நீலப் பூச்சையும் தின்றுவிடும்.

பழைய பிரஷ்ஷில் சுத்தச் செம்பு நாரைச் சுற்றி உலர்வாக இழுத்தால் ஈயம் செதில் செதிலாக வரும். செம்பு எஃகைவிட மெத்து, கீறாது. பாத்திரம் தேய்க்கும் நாரே போதும், ஆனால் காந்தம் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். தேக்காவிலோ பெர்த்திலோ செம்பு நிறத்தில் தொங்குவதில் பல, இரும்புக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு. காந்தம் பிடித்தால் சமையலறையோடு விட்டுவிடுங்கள். லூயிஸ் லெட் ரிமூவர் என்று பித்தளை வலை வைத்த கருவியும் உண்டு.

சுத்தமாக்கியபிறகே புதுக் குண்டைச் சோதிக்க வேண்டும். பழைய ஈயத்தின் மேல் சுட்டால் ஒட்டியது எதனால் என்று தெரியாது.

நலவாழ்வு_அக்கா

நான் தொழில்சார் மருத்துவ நிலையத்தில் தாதி. ஈயத்தோடு வேலை செய்யும் ஊழியர்களுக்கு இங்கே சட்டப்படி குறிப்பிட்ட கால இடைவெளியில் இரத்தப் பரிசோதனை உண்டு. வீட்டில் பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கு அப்படி யாரும் நினைவூட்டுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லாரும் உலையின் புகையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். காற்றோட்டம் கட்டாயம் வேண்டும், ஆனால் ஈயம் உருகும் சூட்டில் ஆவியாவது சொற்பம். உடம்புக்குள் போவது பெரும்பாலும் தூள்: உலையின் மேலே வழித்தெடுக்கும் கசடு, பேரலிலிருந்து உதிரும் செதில், உறைகளை உலர்வாகப் போட்டுச் சுழற்றும் டம்ளரின் தூசி. விரலில் ஒட்டி, சிகரெட்டிலோ ரொட்டியிலோ போய், வயிற்றுக்குள் இறங்கும். பிரைமரிலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கிறது, உள்ளரங்கில் சுடுபவர்கள் அதைச் சுவாசிக்கிறார்கள். சுவா சூ காங் தம்பி, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

மச்சான் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளுக்கான ஈயக் குறியீட்டு அளவை 2021-இல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. அவ்வளவு சொற்பம் போதும் கவனிக்க. வார்க்கும் சட்டையை அவர்கள் துணியோடு துவைக்காதீர்கள். சமையலறைப் பாத்திரம் எதையும் உலைப்பக்கம் கொண்டுபோகாதீர்கள், கொண்டுபோனதைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கை கழுவி, அப்புறம்தான் கோப்பி.

துவாஸ்_லேத்

இரண்டு பிள்ளைகள் அக்கா. அப்படியே அனுப்பிவிட்டேன், இரத்தப் பரிசோதனைக்குப் பதிவு செய்கிறேன் என்று பதில் வந்தது. மிக்க நன்றி.

பேரல் விஷயம்: கார்பைட் வளையம் உள்ள டைதான் இருந்திருக்கிறது, எடுத்துவிட்டார். நீள எக்ஸ்பாண்டர் பிளக் வாங்கினார், 0.357 டைக்கு மாறினார். லினோடைப் இல்லாமல் வெறும் டயர் கட்டியும் கொஞ்சம் வெள்ளீயமும், தண்ணீரில் போடவில்லை. இப்போது டம்மியிலிருந்து பிடுங்கிய குண்டின் அடி 0.3565. சேம்பரில் தானாக விழுகிறது. புரி தொடங்கும் இடத்தில் இப்போது எஃகுதான் தெரிகிறது, நீள ஓட்டையும் நின்றுவிட்டது. வாய்ப்பக்கம் கடைசி அரை அங்குலத்தில் மட்டும் மெல்லிய சாம்பல் படலம் இருக்கிறது. அது ஏன்?

ஈயக்கரண்டி

அடைப்பு சரியாகிவிட்டது, இனி மசகு. என்ன போடுகிறார்? கடைக் குண்டுகளில் வரும் கெட்டியான நீல மெழுகு என்றால் மாற்றச் சொல்லுங்கள். பெட்டியில் உதிராமல் பயணம் செய்வதற்காகச் செய்தது, மென்மையான தோட்டாவில் சரியாக இளகாது. தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்ற மசகுப் பொருளும் சரிபாதி கலந்த மெத்து மசகு பழைய சூத்திரம், இன்றும் நன்றாக வேலை செய்கிறது. வாயைச் சுற்றி மசகு நட்சத்திரம்போல் படிந்திருந்தால் கடைசிவரை மசகு போதுமான அளவு இருக்கிறது என்று பொருள்.

மசகின் பிசுக்கே வேண்டாம் என்றால் பூச்சு. ஹை-டெக் பூச்சு ஆஸ்திரேலியச் சரக்குதான், பெர்த்தில் கிடைக்கும். மெல்லிய பூச்சாகப் போட்டு, நன்றாகக் காயவிட்டு, 200 பாகை செல்சியஸில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுட வேண்டும், மறுபடி ஒரு பூச்சு. அதற்கென்று தனி அடுப்பு, அக்கா சொன்னது இங்கேயும் பொருந்தும். பூச்சு போட்டபிறகு சைஸ் செய்து, மறுபடி ஒரு டம்மி கட்டிப் பிடுங்கி அளக்கட்டும். ஈயம் வெளியே தெரியும்படி பூச்சு கிழிந்திருந்தால் உறையின் வாய் இன்னும் போதிய அளவு விரியவில்லை.

துவாஸ்_லேத்

நீல மெழுகுதான் அண்ணே. முதலில் ஆலாக்ஸ் பார்க்கிறேன் என்கிறார், பூச்சு அப்புறம். அடுத்த மாதம் நான் பெர்த் போகிறேன், மைக்ரோமீட்டரோடு. பிடுங்கிய குண்டு ஒன்றை நினைவுக்கு எடுத்துவரலாமா?

நெறியாளர்

வேண்டாம். குண்டு, காலி உறை, டம்மி தோட்டா எதையும் சாங்கிக்குக் கொண்டுவராதீர்கள். துப்பாக்கி வடிவச் சிகரெட் லைட்டரைக்கூட இங்கே இறக்குமதி செய்யக்கூடாது. படம் எடுத்து இந்த இழையில் போடுங்கள், மைக்ரோமீட்டர் காட்டும் அளவு தெரியும்படி.